வீட்டு மனையின் வாட்டமும் கழிவுக் குழியின் இடமும்

வீடு கட்டத் தொடங்கும் ஒருவர் சுவரைப் பற்றி யோசிக்கிறார். கூரையைப் பற்றி யோசிக்கிறார். வாசற்கால் எத்திசை நோக்க வேண்டும் என்று பத்துப் பேரை விசாரிக்கிறார். ஆனால் மனையின் மேல் விழும் மழை நீர் எவ்வழியே வெளியேறும் என்பதையும், வீட்டின் கழிவு நீர் எங்கே சென்று அடங்கும் என்பதையும் கிரகப்பிரவேசம் முடிந்த பிறகே அவர் நினைக்கிறார். சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும் அலுவலின் பொருட்டு ஊர் ஊராகச் சென்று வரும் நாம், கடன் பெற்றுக் கட்டிய வீடுகள் பலவற்றைக் கண்டிருக்கிறோம். செங்கல்லிலும் சிமெண்டிலும் நேர்ந்த பிழைகளைக் காட்டிலும், நீரை மறந்ததால் நேர்ந்த பிழைகளே அங்கத்தினர்களை அதிகம் வருத்துகின்றன என்பது நமது அனுபவம். ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இரு அங்கத்தினர்களின் வழக்கு

மறைமலை நகருக்கு மேற்கே, ஒரகடம் செல்லும் சாலையை அடுத்துள்ள ஒரு சிற்றூரில் நடந்தது இது. நெசவாளர் சங்கத்து அங்கத்தினர் ஒருவர், முன்னர் நஞ்சையாக இருந்து மனைப்பிரிவாக மாறிய நிலத்தில் 40 அடிக்கு 60 அடி மனை ஒன்றை வாங்கி, கடன் பெற்று வீடு கட்டினார். முன்கூடத்தில் குழித்தறி போட்டார். பின்புறத்தில் உறைக் கிணறு ஒன்று இறக்கினார். அவருக்கு மேற்புறத்து மனை, பயிர்த்தொழில் செய்யும் மற்றோர் அங்கத்தினருடையது. அவர் ஈராண்டுகளுக்கு முன்பே வீடு கட்டியவர். மனையின் கீழ்க்கோடியில், வேலியை ஒட்டி, ஆறு சிமெண்டு உறைகளை இறக்கி மூடி, அதையே செப்டிக் டாங்கு என்று சொல்லி வந்தார். அந்த உறைக் குழிக்கும் நெசவாளரின் கிணற்றுக்கும் இடையே இருந்த தூரம் 14 அடி.

கார்த்திகை மழையில் மேல்மனையின் நீரும் தெருவின் நீரும் ஒருங்கே நெசவாளரின் மனையில் தேங்கின. தறிக்குழியில் முழங்கால் அளவு நீர் ஊறிற்று. தறியில் ஏற்றியிருந்த பட்டுப் பாவு கறை பட்டுப் போயிற்று. மழை விட்ட பத்தாம் நாள் கிணற்று நீரில் வாடை தெரிந்தது. அடுத்த மாதம் அவருடைய இளைய மகள் டைபாய்டு காய்ச்சலில் படுத்தாள். இரு குடும்பத்தாருக்கும் பேச்சு நின்றது. ‘மேல் வீட்டுக்காரருக்குச் சங்கத்தில் இனிப் பயிர்க்கடன் கொடுக்கலாகாது’ என்று நெசவாளர் ஒரு மனு எழுதிக் கொடுக்க, அந்த மனு விசாரணைக்காக நம்மிடம் வந்தது.

விசாரணைக்குச் சென்ற நாம் முதலில் கண்டது நமது கையெழுத்தையே. நெசவாளரின் வீட்டுக் கடனுக்கான இரண்டாம் தவணையை விடுவிக்கலாம் என்று சான்று அளித்தவர் நாமே. வரைபடத்தில் சுவர்கள் இருந்தன, ஜன்னல்கள் இருந்தன. கிணற்றையும் குழியையும் அதில் யாரும் குறிக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. மனையைச் சுற்றி நடந்து பார்த்தோமே தவிர, எந்தப் பக்கம் தாழ்வு என்று அளந்து பார்க்கவில்லை. இக்கட்டுரையை எழுத நமக்குள்ள தகுதி அந்தத் தவற்றிலிருந்து வந்ததுதான்.

இந்நிலத்தின் இயல்பு

பழைய செங்கற்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லா என்றே சொல்வது வழக்கம். மேலேரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே வழியும் நீர் கீழேரிக்கு வரத்தாகிறது. இவ்வாறு ஏரிகள் சங்கிலி போல் தொடர்ந்து, இறுதியில் நீர் ஆற்றைச் சேருகிறது. ஏரிக்குக் கீழே ஆயக்கட்டு நஞ்சை. மேலே புஞ்சையும் மேய்ச்சல் நிலமும். மேடான இடத்தில் நத்தம். நம் முன்னோர் மேட்டில் குடியிருந்து பள்ளத்தில் பயிரிட்டனர். நீரின் வழியை அறிந்து செய்த ஏற்பாடு அது.

தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியாகிய மறைமலையடிகளின் பெயர் தாங்கிய மறைமலை நகர், சென்னையின் நெருக்கத்தைத் தணிக்கும் துணை நகரமாக 1980ஆம் ஆண்டையொட்டி உருவாக்கப்பட்டது. பின்னர் 1990களில் ஃபோர்டு, ஹூண்டாய் ஆகிய மோட்டார் தொழிற்சாலைகள் முறையே மறைமலை நகரிலும் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் நிறுவப்பட்டன. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. ஃபோர்டு ஆலை 2022இல் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆயினும் இவ்வட்டாரத்தின் வீட்டுப் பெருக்கம் நிற்கவில்லை. மேட்டு நிலம் விலையேறவே, பள்ளத்து நஞ்சைகளும் மனைகளாயின. கல் நட்டு, தார் போட்டு, வாய்க்காலை மண்ணால் மூடி விற்கப்பட்ட மனைகள் பல. மனை விற்றவர் போய்விடுகிறார். மூடப்பட்ட வாய்க்காலின் நீர் மட்டும் ஆண்டுதோறும் தன் பழைய வழியைத் தேடி வந்துகொண்டிருக்கிறது.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்றை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் குடியிருப்புகள் நீரில் மூழ்கியதை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய மழையில், 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனையின் மேல் மட்டும் விழும் நீர் ஏறக்குறைய 1,09,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகள் ஒன்பது. சாதாரண மழையிலும் ஒவ்வொரு செ.மீ.க்கும் 2,230 லிட்டர் விழுகிறது. இந்நீருக்கு நாம் வழி அமைக்காவிடில், அது தானே ஒரு வழியை அமைத்துக்கொள்ளும். நெசவாளர் வீட்டில் அவ்வழி தறிக்குழியாயிற்று.

வாட்டம் பார்த்தல்

கொத்தனார்கள் நீர் ஓடும் சரிவை வாட்டம் என்பர். கண்ணால் பார்த்து வாட்டத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்புவது பெரும்பிழை. மண் குவியலும் புதரும் கண்ணை ஏமாற்றும். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. கொத்தனாரிடம் இருக்கும் மட்டக்குழாயே போதும். ஒளி ஊடுருவும் ரப்பர்க் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, ஒரு முனையைத் தெருவோரத்தில் நட்ட முளையருகே பிடித்து, மறுமுனையை மனையின் ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுசெல்ல வேண்டும். இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அம்மட்டத்திலிருந்து தரை எத்தனை அங்குலம் தாழ்ந்திருக்கிறது என்று நான்கு மூலைகளிலும், நடுவிலும், பக்கத்து மனைகளின் ஓரத்திலும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டால், மனையின் வாட்டம் வெள்ளிடைமலையாகும். இருவர் சேர்ந்தால் ஒரு மணி நேர வேலை.

அளந்த பின் செய்ய வேண்டுவன பின்வருமாறு.

முதலாவது, வீட்டின் தரை மட்டம் சுற்றியுள்ள நிலத்தைவிடக் குறைந்தது 45 செ.மீ., அதாவது ஒன்றரை அடி, உயர்ந்திருத்தல் வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நெறி. நம் வட்டாரத்தில், பெருமழையில் நீர் ஏறிய உயரத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, அதற்கும் மேலாகத் தரையை அமைப்பதே அறிவுடைமை. தார்ச்சாலையை ஒவ்வொரு முறையும் பழைய படலத்தின் மேலேயே போடுவதால் தெரு உயர்ந்து வீடுகள் பள்ளமாவதைக் கண்டு, பழைய படலத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதியதைப் போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவுறுத்திற்று. தெருவில் சாலை போடும் நாளில் இதை அங்கத்தினர்கள் கூடி நின்று நினைவூட்டுதல் தகும்.

இரண்டாவது, சுவரை ஒட்டிய முதல் பத்தடிக்குள் நிலம் ஆறு அங்குலமாவது வெளிநோக்கிச் சரிய வேண்டும். பத்தடி இடமில்லாத பக்கத்தில், உள்ள இடத்தில் அதே விகிதத்தில் சரித்து, வேலியோரத்தில் ஆழமற்ற ஓடை ஒன்று எடுத்து நீரைத் தெரு வாய்க்காலில் சேர்க்கலாம்.

மூன்றாவது, மேடாக்க வேண்டிய இடத்தில் கிராவலை ஒரே நாளில் கொட்டி நிரவுதல் கூடாது. ஆறு முதல் எட்டு அங்குலக் கனத்துக்கு ஒரு படலமாகப் பரப்பி, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்த பின்னரே அடுத்த படலம். இடிக்காத மண் இரண்டு மழையில் அமிழும். அமிழ்ந்த இடம் நீரைச் சுவரின் பக்கமே திருப்பும். ஏரிச் சவுடு களிப்புடையதாயின் அது மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். தரைக்குக் கீழே அதை இடாதிருத்தல் நலம்.

நான்காவது, நம் மனையை உயர்த்தி நீரைப் பக்கத்து மனைக்குத் தள்ளுவது வாட்டமாகாது, வழக்காகும். புல வரைபடத்தில் வாய்க்கால் என்று குறித்திருப்பது தரையில் தெரியாவிடினும் அது வாய்க்காலே. மனை வாங்குமுன் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள வரைபடத்தைப் பார்த்துவிடுவது, பின்னர் வக்கீலைப் பார்ப்பதைவிட எளிது.

குழித்தறி போடும் நெசவாளர்களுக்குத் தனியே ஒரு சொல். தறிக்குழியின் அடியும் நிலத்துக்குள்ளேதான் இருக்கிறது. வீட்டுத் தரை ஒன்றரை அடி உயர்ந்து, குழி இரண்டரை அடி ஆழமானால், குழியின் அடி வெளிநிலத்துக்கு ஓரடி கீழே நிற்கும். ஆகையால் தறிக்கூடத்தை மனையின் மேட்டுப் பக்கத்தில் அமைப்பதும், அக்கூடத்தின் தரையை மட்டும் கூடுதலாக உயர்த்துவதும், குழியின் அடியையும் பக்கங்களையும் சிமெண்டால் பூசுவதும் பட்டைக் காக்கும் வழிகள்.

செப்டிக் டாங்கு எது, உறைக்குழி எது?

நம் ஊர்களில் செப்டிக் டாங்கு என்று வழங்குவனவற்றுள் பல செப்டிக் டாங்கு அல்ல. அடி பூசாத உறைக் குழிகள். உறைகளின் இடுக்குகளின் வழியாகவும் அடியின் வழியாகவும் மலநீர் அப்படியே மண்ணில் இறங்குகிறது. ‘பத்து வருஷமாக நிரம்பவே இல்லை ஐயா’ என்று மேல்மனைக்காரர் நம்மிடம் பெருமையுடன் சொன்னார். நிரம்பாததற்குக் காரணம் அது கீழ்மனைக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்ததே என்று அவருக்கு விளக்கியபோது, அவர் நெடுநேரம் பேசவில்லை. தெரிந்து செய்த தீங்கு அன்று அது.

உண்மையான தொட்டி, அடியும் பக்கமும் நீர் கசியாமல் பூசப்பட்ட நீள்சதுர அறை. உள்ளே வரும் கழிவு ஒரு நாளுக்குக் குறையாமல் அசைவின்றித் தங்க வேண்டும். கனமானது அடியில் கசடாகப் படியும். எண்ணெய்ப் பசை மேலே ஏடாக மிதக்கும். நடுவிலுள்ள நீரே வெளிக்குழாய் வழியே போகும். காற்றில்லா இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கசடைச் சிறிது சிறிதாகச் செரிக்கின்றன. உள்குழாயும் வெளிக்குழாயும் ‘டி’ வடிவ வளைவுடன் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தால்தான் ஏடு வெளியே போகாது.

அளவைப் பற்றி இந்தியத் தர நிர்ணயம் 2470 தெளிவாகக் கூறுகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75 மீட்டர், நீர் நிற்கும் ஆழம் 1.05 மீட்டர், பத்துப் பேருக்கு நீளம் 2 மீட்டர், அகலம் 0.9 மீட்டர், ஆழம் 1.4 மீட்டர். இவை ஈராண்டுக்கு ஒரு முறை கசடு எடுக்கும் கணக்கு. நீர்மட்டத்துக்கு மேல் 30 செ.மீ. வெற்றிடம் விட வேண்டும். கொள்ளளவு 2,000 லிட்டருக்கு மேற்பட்டால் தொட்டியை இரண்டு அறையாகப் பிரித்தல் நலம். கெட்ட காற்று போகும் குழாய் வீட்டுக் கூரைக்கு மேல் உயர்ந்து, அதன் வாயில் கொசு புகாத வலை இருத்தல் வேண்டும். கழிப்பறையிலிருந்து தொட்டிக்கு வரும் நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடி என்ற வாட்டம் பொருத்தமானது. மனையின் வாட்டத்தை முன்னரே அளந்தவருக்கு இந்த ஓரடி தானே கிடைக்கும். அளவாதவர் தொட்டியைப் பள்ளத்தில் புதைத்து மோட்டாரால் இறைக்க நேரும்.

மழை நீரைத் தொட்டியில் விடலாகாது. சாயத் தண்ணீரும், பட்டு வெளுக்கும் சோப்பு–சோடா நீரும், அளவு மீறிய பினாயிலும் பிளீச்சிங் பொடியும் தொட்டியில் வேலை செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். சாயம் தோய்க்கும் அங்கத்தினர்கள் அந்நீரை மண்ணிலும் விடாமல், அதற்கென அமைந்த பொதுச் சுத்திகரிப்புக்கு அனுப்புவதே முறை.

வெளியேறும் நீருக்கு இடம்

தொட்டியை விட்டு வெளிவரும் நீர் தெளிந்திருப்பதால் தூய்மையானது என்று எண்ணலாகாது. காலரா, டைபாய்டு, காமாலை முதலிய நோய்க் கிருமிகள் அதில் மிகுதியாக இருக்கின்றன. அவற்றை அடக்குவது மண். நீர் மெதுவாக, காற்றோட்டமுள்ள மண்ணில் கசிந்து செல்லும்போதுதான் கிருமிகள் வடிகட்டப்பட்டு மடிகின்றன. ஆகவே நீர் மிக வேகமாக இறங்கும் பாறை வெடிப்பும் ஆகாது. இறங்கவே இறங்காத களியும் ஆகாது. நம் வட்டாரத்தில் இரண்டும் உண்டு. பல்லாவரம் முதல் செங்கற்பட்டு வரை குன்றுகளாக எழுந்து நிற்கும் சார்னக்கைட் பாறை பல இடங்களில் சில அடி ஆழத்திலேயே தட்டுப்படுகிறது. ஏரிக்குக் கீழ்ப்பட்ட நஞ்சையிலோ களி.

மண்ணைச் சோதிக்கும் முறை எளிது. குழி அமையப் போகும் ஆழத்துக்கு ஓரடி அகலத்தில் ஒரு துளை தோண்டி, பக்கங்களைச் சுரண்டிவிட்டு, அடியில் இரண்டு அங்குலம் பெருமணல் இட வேண்டும். ஓரடி உயரத்துக்கு நீர் ஊற்றி ஓர் இரவு ஊற விட வேண்டும். மறுநாள் மணலுக்கு மேல் 15 செ.மீ. நீர் நிற்குமாறு செய்து, அரை மணியில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். இரவே நீர் முழுதும் வற்றிவிட்டிருந்தால், மீண்டும் மீண்டும் நிரப்பி நான்கு மணி நேரம் அளந்து, கடைசி அரை மணியின் அளவைக் கொள்ள வேண்டும். 5 செ.மீ. இறங்கினால், 25 மி.மீ. இறங்க 15 நிமிஷம் என்று கணக்காகிறது. 30 நிமிஷத்துக்குட்பட்டால் உறிஞ்சு குழியோ கசிவு வாய்க்காலோ அமைக்கலாம். 30க்கு மேல் 60 வரையாயின் கசிவு வாய்க்காலே தகும். அரை மணியில் 1 செ.மீ. மட்டுமே இறங்கினால் கணக்கு 75 நிமிஷமாகும்; அம்மண் கழிவுநீரை ஏற்காது. அங்கே ஜல்லி வடிகட்டி போன்ற வேறு ஏற்பாடு வேண்டும். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் களியில், ஊற விடாமல் சோதித்து ஏமாந்தவர்கள் உண்டு.

மண்ணைப் போலவே நிலத்தடி நீரின் மட்டமும் முக்கியம். கார்த்திகை மாதத்தில் பக்கத்துக் கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 1.8 மீட்டருக்குள், அதாவது ஆறடிக்குள் நின்றால், ஆழக் குழி வெட்டுவது கழிவைக் கிணற்றில் நேரே கொட்டுவதற்கு ஒப்பாகும். அங்கே நிலத்துக்கு மேல் மண்மேடு எழுப்பி, அதனுள் ஜல்லி பரப்பித் துளைக்குழாய் இட்ட கசிவு வாய்க்காலை அமைக்க வேண்டும். நீர் மிக உயர்ந்த இடங்களில் மலத்தையும் நீரையும் தனித்தனியே பிரித்துத் தரைக்கு மேலேயே உலர்த்தி எருவாக்கும் கழிப்பறைகளும் உள்ளன. திருச்சி மாவட்டத்து முசிறியில் அவை நடைமுறையில் கண்ட பலனை அறிந்தோர் பலர்.

தூரக் கணக்கு

உறிஞ்சு குழியும் கசிவு வாய்க்காலும் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டரும், குடியிருக்கும் வீட்டிலிருந்து 6 மீட்டரும் தள்ளி இருத்தல் வேண்டும் என்பது விதி. 18 மீட்டர் என்பது ஏறக்குறைய 59 அடி. இப்போது அங்கத்தினர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுகிறோம். 30 அடிக்கு 40 அடி மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள தூரம் 50 அடி. ஆகவே அம்மனைக்குள் கிணறும் உறிஞ்சு குழியும் சேர்ந்து இருக்கவே முடியாது. எவ்வளவு திறமையான மேஸ்திரியாலும் முடியாது. 40 அடிக்கு 60 அடி மனையில் எதிர் மூலைத் தூரம் 72 அடி. மூலைக்கு மூலை வைத்தால் தூரம் தேறும். ஆனால் பக்கத்து மனைக்காரர் தம் கிணற்றை நம் குழியின் மூலையருகே அமைத்துவிட்டால் அக்கணக்கும் பயனற்றதாகும்.

இதிலிருந்து தெளிவது ஒன்று. சிறு மனைகள் நெருங்கிய இடத்தில், தனி ஒருவர் எவ்வளவு விதிப்படி கட்டினாலும் தம் கிணற்றைக் காத்துக்கொள்ள இயலாது. தெருவார் கூடி, மேட்டுப் பக்கம் கிணறுகள், பள்ளத்துப் பக்கம் குழிகள் என்று ஒழுங்கு செய்துகொண்டால்தான் எல்லார் கிணறும் பிழைக்கும். பயிர்க்கடனும் நூலும் கூட்டாகப் பெறக் கற்ற நாம் இதையும் கூட்டாகச் செய்வதில் புதுமை ஒன்றுமில்லை. இந்தியாவின் முதல் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904இல் பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் தோன்றியதே, தனியே நின்றவனுக்குக் கிடைக்காத கடன் சேர்ந்து நின்றவர்க்குக் கிடைக்கும் என்ற எண்ணத்தால்தான்.

உள்ளே இறங்கலாகாது

2019 மார்ச்சு மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில், ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் ஆறு பேர் மாண்டனர். தந்தையும் அவருடைய இரு புதல்வர்களும் அவர்களுள் அடங்குவர். விழுந்த ஒருவரைக் காக்க மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி உயிரிழந்தனர். தொட்டியில் தங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். வாடை இல்லையென்று இறங்குபவர் இரண்டு மூச்சில் நினைவிழப்பார். ஆகவே எக்காரணம் பற்றியும் தொட்டிக்குள் எவரும் இறங்கலாகாது. பிறரை இறக்கவும் கூடாது. பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியுள்ளது. இவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அளிக்க வேண்டும் என்று 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்திற்று. பணம் எவ்வளவாயினும் போன உயிர் மீளாது.

ஆதலின் தொட்டி கட்டும்போதே கசடு எடுக்கும் வாயை லாரியின் குழாய் எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். தொட்டியின் மேல் அறை கட்டி, வாயை மூடிவிடுகிறவர்கள் பிற்காலத்தில் ஒரு மனிதனை உள்ளே இறக்குவதற்கு இன்றே ஏற்பாடு செய்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஈராண்டுக்கு ஒரு முறை, உரிமம் பெற்ற லாரியை அழைத்து எடுப்பித்து, அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா, ஏரிக்குப் போகிறதா என்றும் கேட்டறிதல் நம் கடமை.

வழக்கு முடிந்த விதம்

மேற்சொன்ன இரு அங்கத்தினர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் உட்கார வைத்து, மட்டக்குழாயால் அளந்த தாளை முன்னே வைத்தோம். மேல்மனையிலிருந்து கீழ்மனைக்கு ஓரடி நான்கு அங்குலச் சரிவு. நெசவாளரின் மனைக்கும் கீழே, தெருவுக்கு அப்பால், பயிர்த்தொழிலாளருக்கு ஒரு துண்டுப் புஞ்சை இருந்தது. ‘குழி என்னுடையதுதான், நிலமும் என்னுடையதுதான், அங்கே கொண்டு போகிறேன், அண்ணே’ என்று அவரே முதலில் வாய் திறந்தார். ஊராட்சியின் அனுமதியுடன் தெருவைக் கடந்து குழாய் இட்டு, கிணற்றிலிருந்து 80 அடிக்கு அப்பால் இரு வீட்டுக்கும் பொதுவாகக் கசிவு வாய்க்கால்கள் அமைத்தார்கள். இரு வீட்டிலும் அடி பூசிய தொட்டிகள் கட்டப்பட்டன. பழைய உறைக் குழியின் கசடை லாரி எடுத்த பின், சுண்ணாம்பும் மண்ணும் இட்டு மூடினார்கள். வாய்க்காலின் ஓரத்தில் இப்போது வாழை நிற்கிறது. கீரையும் கிழங்கும் அங்கே பயிரிடலாகாது என்று சொல்லி வைத்திருக்கிறோம். நெசவாளரின் மனைவி, ‘பேச்சு நின்ற ஒரு வருஷம்தான் ஐயா எங்களுக்கு வெள்ளம்’ என்றார்.

ஆனால் எல்லாம் சீராயிற்று என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்தப் பாவின் நஷ்டம் ஈடாகவில்லை. மகள் உடல் தேறினாள். பள்ளியில் ஓர் ஆண்டு பின்தங்கினாள். கிணற்று நீரை இருமுறை சோதித்தும் குடிக்கத் தக்கது என்ற முடிவு இன்னும் வரவில்லை. அது பாத்திரம் கழுவவும் தறிக்கூடம் மெழுகவுமே பயன்படுகிறது. குடிநீரைக் குடத்தில் தூக்கி வருகிறார்கள். 14 அடியை 59 அடியாக்க முதல் நாளே ஒரு மணி நேரம் செலவிட்டிருந்தால் இவை எதுவும் நேர்ந்திரா.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

வீட்டுக் கடன் கோரும் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வரைபடத்தோடு ஒரு தனித்தாளையும் கொண்டு வருமாறு வேண்டுகிறோம். அதில் நான்கு மூலைகளின் மட்டம். மழை நீர் வெளியேறும் வழி. தம் கிணறும் சுற்றியுள்ள மனைகளின் கிணறுகளும் குழிகளும் இருக்கும் இடமும் அவற்றின் இடைத்தூரமும். மண் சோதனையில் நீர் இறங்கிய அளவு. கார்த்திகையில் கிணற்று நீர் நிற்கும் ஆழம் ஆகிய ஐந்தும் இருத்தல் வேண்டும். எழுதத் தெரியாதவர்க்குச் சங்கச் செயலாளர் எழுதிக் கொடுப்பார். மட்டக்குழாய் ஒன்றை ஒவ்வொரு சங்கமும் வாங்கி வைத்திருக்கலாம். அதன் விலை ஒரு பாவின் விலையில் மிகச் சிறு பகுதியே.

அந்தத் தாள் இல்லாத மனுவில் இனி நாம் கையெழுத்திடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இதனால் தவணை ஒரு வாரம் தாமதமாகலாம். அங்கத்தினர்கள் அதற்காக நம்மைக் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.